கேட்டில் கொடுத்த போன்

ஆம்பூர் பக்கம் கவுன்சிலரா இருக்கிறதுன்னா வேற ஒண்ணுமில்லை, வார்டு மொத்தத்துக்கும் திட்டு வாங்குற ஆளா இருக்கிறது. உங்கள்ல யாராவது ஒரு தடவை ஜெயிச்சுத் தொலைச்சிருந்தா நான் சொல்றது புரியும்.

விடியற்கால அர்ச்சனை

அப்பல்லாம் என் போன் சார்ஜ் மத்தியானத்துக்குள்ள செத்துடும். முதல் ஆள் கீழ்த்தெரு ஸ்டெல்லா. ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல வேலை. குழாயில தண்ணி வரலைன்னா அஞ்சரைக்கே கூப்பிட்டுடுவா. கொஞ்சம் பொழுது விடிஞ்சு திட்டக் கூடாதாம்மான்னு ஒரு நாள் கேட்டேன்.

"எட்டு மணிக்கு போனை கேட்ல வாங்கி வச்சுக்குவாங்கக்கா. அதான் இப்பவே திட்டிடுறேன்."

கட்டைவிரல் ஓட்டு

அந்த வருஷம் பேய்மழை. கானாறு பொங்கி எங்க மேல்தெருவுல முழங்கால் தண்ணி. தெருக்கோடி மண்கரையை வெட்டினா வடிஞ்சிடும். ஆனா அவ்வளவும் நேரா கீழ்த்தெருவுக்குள்ள போகும். பக்கத்து வீட்டு வாத்தியார், ரிடையர் ஆனவர், நல்ல மனுஷன். வெட்டலாம்னா கட்டைவிரல் போடுங்கன்னு வார்டு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுட்டார். அரை மணியில ஒரே கட்டைவிரலா ரொம்பிடுச்சு. ஜேசிபியும் வந்துடுச்சு.

கீழ்த்தெருவுல முக்காவாசி ஷூ கம்பெனி ஜனம். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைங்க வீட்டுக்குள்ள. அம்மாக்காரிங்க போன் எல்லாம் கேட்ல. அவங்களைக் கேட்க வேணாமான்னு நான் சொன்னதுக்கு வாத்தியார் என்னை ஒரு மாதிரியா பார்த்தார்.

"வேணாம்னு ஒருத்தர்கூடச் சொல்லலியேம்மா. இதுக்கு மேல இன்னா ஓட்டு வேணும்?"

ஜேசிபிக்கு முன்னால

கம்பெனி நம்பருக்கு அடிச்சா லைன் போகலை. ஷிஃப்ட் விடுற வரைக்கும் வெட்டக் கூடாதுன்னு வண்டி முன்னால போய் நின்னுட்டேன். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு அம்மாக்காரிங்க ஓடி வந்து, பிள்ளைங்களையும் மூட்டை முடிச்சையும் பள்ளிக்கூட மாடிக்குத் தூக்கினாங்க. அப்புறம் ஸ்டெல்லாவே வந்து, மேல இருக்கிறவங்களும் மனுஷங்கதானே, வெட்டிக்கங்கன்னு சொன்னா. அதுக்குள்ள மேல்தெருவுல எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ் மூழ்கிடுச்சு. அரிசி மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு வாசல்ல நின்ன என் வீட்டுக்காரர் பொறுமையாத்தான் கேட்டார்.

"நம்ம வீடும் மேல்தெருவுலதான் இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

மேகம் கறுத்தா

மேல்தெருவுல ஓட்டு ஜாஸ்தி. அடுத்த எலெக்‌ஷன்ல என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க கோவமும் நியாயம்தான். புதுசா வந்தவர் எதுன்னாலும் குரூப்ல கட்டைவிரல் கேட்டுடுறார், அவருக்கு ஒரு பேஜாரும் இல்லை. எனக்குத்தான் அந்த விடியற்காலத் திட்டுக்கு மனசு ஏங்குது. மேகம் கறுத்தா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்துடுறேன். இன்னிக்குக் காலையில தூறல். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ன ஸ்டெல்லா என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இன்னிக்கும் போனை கேட்லதான்க்கா குடுக்கப் போறேன். பிள்ளைங்க வீட்டுல இருக்குது. நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

பதவியும் இல்லாம, ஜேசிபியை நிறுத்த வாயும் இல்லாம, பாத்துக்குறேன்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கேன், மத்தியானமே செத்துப் போற போன் இப்ப மூணு நாள் உசுரோட கிடக்குது.