ஒரு மாத்திரையின் பேட்ச் எண் தேடி ஆம்பூர் வரை

வழக்கமாக இங்கே ஏலகிரி, அமிர்தி என்று ஊர் சுற்றிய கதைதான் எழுதுவேன். இது அப்படியில்லை. பிரியாணிக் கடை விலாசம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இந்த முறை ஆம்பூரில் நான் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

என் தம்பி சேகர் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் இருக்கிறான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான், ஒரு வேளைகூடத் தவறவிடாதவன். மூன்று வருடமாக வராமல் இருந்து, போன வாரம் ரூமில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். வேலூரில் சேர்த்தோம். அவன் சாப்பிடும் மாத்திரையில் ஒரு பேட்ச் தரமில்லை என்று அரசு எச்சரிக்கை வந்திருக்கிறதாம். "அந்த பேட்ச்தான்னு தெரிஞ்சா மாத்திரைய மட்டும் மாத்திடலாம். தெரியலன்னா இன்னொரு மருந்து சேக்கணும். தூக்கம் ஜாஸ்தி வரும், மெஷின்ல உக்கார முடியாது" என்றார் டாக்டர்.

புதன்கிழமை காலை 7.10க்கு வேலூரில் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். ஆம்பூரில் சேகர் மாத்திரை வாங்கும் மருந்துக் கடைக்கு ஷேர் ஆட்டோவில் பதினைந்து. கம்பெனி ஆட்கள் எல்லாம் அந்த மருந்துக் கடையில்தான் வாங்குவார்கள் என்றார் டிரைவர். கடை ஒன்பதுக்குத்தான் திறந்தது.

கடைக்கார பாய் மரியாதையான மனிதர். கம்ப்யூட்டரில் தேடி சேகரின் பில்லை எடுத்தார். அதில் எச்சரிக்கையில் சொன்ன அதே எண்! தம்பி பிழைத்தான் என்று நினைத்துவிட்டேன்.

"பில்லுல இருக்கறத நம்பாதீங்கம்மா" என்றார். "மூணு பேட்ச் கலந்து இருந்துச்சு. முதல்ல வந்தத கம்ப்யூட்டர் தானா போட்டுக்கும். கைக்கு வந்தத எடுத்துக் குடுத்துடுவோம், பில்லுல எண்ண மாத்தி அடிக்கறதில்ல."

மிச்ச சரக்கு மருந்து கம்பெனிக்கே திரும்பிவிட்டது. ஸ்கேன் செய்யும் கோடு போட்ட டப்பாக்கள் குப்பைக்குப் போய்விட்டன. தம்பியின் ரூமிலோ அட்டையே இல்லை, பிளாஸ்டிக் கவரில் உதிரி மாத்திரைதான். எனக்கு வந்ததே கோபம். அட்டையோடு கொடுக்காமல் ஏன் பிதுக்கிக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தம்பிதாம்மா கேப்பாரு. அட்டைல பேர் இருக்குமே. கம்பெனில யாராவது பாத்துட்டா இன்னா நோய்னு தெரிஞ்சுடும்னு, வெறும் கவர்ல போடச் சொல்வாரு. அவர் மட்டும் இல்லம்மா."

இரண்டு மணிக்கு வேலூர் திரும்பி டாக்டரிடம் கையை விரித்தேன். அன்றைக்கே இரண்டாவது மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். பில் வாங்குங்கள், ஆனால் பில்லில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பாருங்கள். கடைசி மாத்திரை தீரும்வரை அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள். நான் பிதற்றுகிறேன் என்று தோன்றினாலும் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். பிடிவாதமாக முழு அட்டைகளாக வாங்கி அவன் ரூமில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், சேகர் தரையில் உட்கார்ந்து, பாதிக் கண் சொருகியபடி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கவரில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"திங்கக்கிழமை மெஷினுக்குப் போவணும்க்கா" என்றான்.