லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த படங்கள்

மாலை ஐந்தே முக்காலுக்குக் கூடத்துத் தொலைபேசியை எடுத்தேன். காதில் எந்தச் சத்தமும் இல்லை. வெளியே இடி முழங்கிக்கொண்டிருந்தது. மின்னலில் லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

மகள் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த புதிது. ஐந்தரைக்கு எங்கள் பாயான் பாரு சந்தையருகே தொழிற்சாலை பஸ் அவளை இறக்கிவிடும். தாமதமானால் எங்கிருந்தாவது போன் பண்ண வேண்டும் என்பதுதான் நான் அவளுக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை. கணவருக்குத் துறைமுகத்தில் மாலை ஷிப்ட்.

அன்று பிற்பகல் முழுக்க மாடியில் கணினியின் முன்தான் இருந்தேன். கணினியின் இணையத்துக்கும் அதன் பக்கத்துப் போனுக்கும் கூடத்துப் போனுக்கும் ஒரே லைன்தான். பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. லண்டனில் படிக்கும் அவர் மகனால் வர முடியவில்லை. அவன் பார்க்க, படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுத் தரும்படி அக்கா கேட்டிருந்தார்.

"மொதல்ல புள்ளையார் படம் போகட்டும். அது போகாம பொண்ணு மாப்பிள்ளை போகக்கூடாது."

பிள்ளையார் ஏறவே நெடுநேரம் பிடித்தது.

"இப்ப யாரும் போன் பண்ணிடக்கூடாதுக்கா. பண்ணுனா படம் பாதியிலயே நின்னுடும்."

"ஐயோ, தாலி கட்டுற படம் பாதியில நின்னா நல்லாவா இருக்கும்?" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் ஏறியதும் கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் போடக் கீழே இறங்கினேன். அக்கா மேலேயே இருந்து படங்களை ஆல்பத்தில் அடுக்கிவிட்டு இறங்கி வந்து, தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆறு மணி தாண்டியது. அக்காவின் கணவர் நனைந்தபடி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"பாலத்துல பெரிய ஜாம். ஃபேக்டரி பஸ் ஒண்ணு அடிபட்டிருக்காம்."

எந்த பஸ் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டில் போன் கிடையாது. கதவைப் பூட்டிக்கொண்டு கடைத்தெருப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். பஸ் எப்போதோ கிளம்பிவிட்டது என்றார் தொழிற்சாலைக் காவலாளி. அடுத்து யாரை அழைப்பது? கை தானாக எங்கள் வீட்டு எண்ணை அழுத்தியது.

எங்கேஜ்டு.

செத்துப்போன போன் எப்படி எங்கேஜ்டாக இருக்கும்? மகள் வந்துவிட்டாள், அவள்தான் பேசுகிறாள். மழையில் திரும்பி ஓடினேன். கதவில் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது.

வாசலில் அக்கா குடையோடு நின்றார். "லைன்ல யாரோ இருக்காங்கக்கா, வீட்ல யாருமே இல்ல" என்று உளறினேன். அவர் முகம் மாறியது.

"நீ டீ போட எறங்குனதும் மேல உள்ள போனை நான்தான் எடுத்து கீழ வெச்சேன். லண்டன் எவ்ளோ தூரம் லா. படம் போய்க்கிட்டு இருக்கும்போது யாராச்சும் அடிச்சிட்டா?"

மாடிக்கு ஓடினேன். ரிசீவர் மேசையில் மல்லாந்து கிடந்தது. மேலே ஒரு கைக்குட்டை. எடுத்து வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

"ஆண்டி! படம் எல்லாம் சூப்பர்! ரொம்ப நேரமா ட்ரை பண்றேன். அம்மா இருக்காங்களா?"

அக்கா பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்து கையை நீட்டினார். மாதக்கணக்கில் மகன் குரலைக் கேட்காதவர்.

"தம்பி, போனை வைங்க" என்றேன்.

அக்கா நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடிக்கவில்லை. இருட்டத் தொடங்கியது. அக்காவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. என்னால் சாமி பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

கேட் கிறீச்சிட்டது. எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. மகள் நின்றிருந்தாள், காலணியைக் கையில் பிடித்தபடி, முழங்கால்வரை சேறு.

"முன்னால போன பஸ்மா. பாலத்தோட இந்த முனையில எங்க பஸ் நகரவே இல்ல. எறங்கி நடந்தே வந்தேன். வழியெல்லாம் பூத்துல சில்லறையப் போட்டுப் போட்டு அடிச்சேன், எங்கேஜ்டு. அப்படி யாருகிட்டதான்மா பேசிக்கிட்டு இருந்தீங்க?"