மச்சான் கேட்ட கேள்வி

எண்பத்து நாலாம் ஆண்டு ஆனி மாதம், ஹம்பேர்க்கிலிருந்து ஹம் நகரத்துக்குப் போய்வர எனக்கு மூன்று நாள் அனுமதி கிடைத்தது. அகதி விண்ணப்பம் போட்டவன் தன் நகரத்து எல்லையைத் தாண்டுவதென்றால் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு ஒரு டெர்மின், அதாவது வரச்சொல்லி ஒரு நாளும் நேரமும், அந்த டெர்மினுக்குப் போனால் இன்னொரு டெர்மின். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இலங்கைக்காரனுக்கு ஒரு கொரியாக்காரன் எப்படிப் பழைய கூட்டாளி ஆனான் என்று கேட்டார். கப்பலில் என்றேன். என்ன கப்பல், எந்த நாட்டுக் கொடி, என்ன வேலை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் வீட்டை எரித்த கதையைச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு ஆர்வமாக எழுதவில்லை.

கப்பல் உண்மைதான். கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பல். நான் இயந்திர அறையில், அந்தக் கொரியாக்காரன் குசினியில். எங்களில் ஐந்து பேர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அவன் வைக்கிற குழம்பை அவன் முன்னாலேயே தமிழில் திட்டித் திட்டிச் சாப்பிடுவோம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், அடுத்த கிழமை மிளகாய் வாங்கினால் உறைப்பாகச் சமைக்கலாம் என்று தமிழில் பதில் சொன்னான். அதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் அவனுக்கு விளங்கியிருந்தது என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அன்றிலிருந்து நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். பிறகு அவன், சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது ஜேர்மனிக்கு வந்து, ஒரு கொரிய நேர்ஸைக் கட்டி, ஹம்மில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனில் நின்றான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறோம். கட்டிப்பிடிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்தான். ரயில் நாலு நிமிடம் பிந்திவிட்டதாம். தானே ஓட்டிவந்தவன் போல மன்னிப்புக் கேட்டான். ஜேர்மன்காரரே இவனிடம் வந்து ஜேர்மன் பழக்கம் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. அந்தக் கிழமை மாடிப்படி கழுவும் முறை அவர்களுடையது என்று அர்த்தமாம். பகல் ஒரு மணிக்கு அவன் வேலைக்குப் போகவேண்டும். அவன் மனைவி இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு நித்திரை. மிச்சம் இருந்தது விருந்தாளி. பழைய கூட்டாளியைப் பார்க்கப் போன நான் முதல் நாளே மூன்று மாடிப் படியைக் கழுவினேன். கீழ்வீட்டு அம்மா வந்து நின்று பார்த்து, ஒரு மூலையைக் கால்விரலால் காட்டிவிட்டுப் போனார். அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்ற சட்டம் படிக்கட்டுக்குப் பொருந்தாது போலும்.

அவர்கள் இருவரும் குடும்பம் நடத்தியது குளிர்ப்பெட்டிக் கதவில்தான். அவள் இரவு எட்டு மணிக்குப் போவாள், அவன் பதினொன்றுக்கு வருவான். அவள் விடிய வந்து படுப்பாள், அவன் மத்தியானம் போவான். இடையில் சொல்லவேண்டியதையெல்லாம் துண்டில் எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். சண்டைகூட அதில்தான் நடந்தது. ஒரு துண்டில் எழுத்து பெரிதாக இருந்தால் குரல் உயர்ந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தந்த அறையில் கூரை வரைக்கும் பெட்டிகள். தையல் மெசின், சோறு வடிக்கும் மின்சாரப் பானை, கண்ணாடிக் கோப்பைகள். எல்லாம் ஊருக்குக் கொண்டுபோக வாங்கியவை. ஊரில் போய்த் திறக்கும்போது புதிதாக இருக்கவேண்டுமாம். எட்டு வருடமாகப் பெட்டி திறக்காமல், அடிப்பிடித்த சட்டியில் சோறு வடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கஞ்சனுக்குக்கூட இவ்வளவு பொறுமை வராது.

அந்தப் பானைப் பெட்டியின் மேல் ஒரு படிவம் கிடந்தது. அந்த வருடம் அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்திருந்தது. சுரங்கம்போல வேலை குறைந்துபோன இடங்களில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பத்தோடு தங்கள் நாட்டுக்குத் திரும்பினால் ஒரு தொகை கொடுப்பார்கள். ஆனால் போனவர் பிறகு வேலைக்குத் திரும்பி வர முடியாது. எந்தெந்த நாட்டார் என்று ஒரு பட்டியல் இருந்தது. கொரியா அதில் இருந்தது, இலங்கை இல்லை. எங்களைச் சும்மாவே அனுப்பலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். படிவத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. திங்கட்கிழமை கடைசி நாள்.

பின்னேரம் அவன் மனைவி எழும்பி வந்து என் கையில் ரப்பர் உறையை மாட்டினாள். கொரிய ஊறுகாய் போடக் கோவா என்கிற முட்டைக்கோசுக்கு மிளகாய்த் தூள் பூசவேண்டும், விருந்தாளி வந்த நேரத்தில் கோவா மலிவு. முப்பது கோவா. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் பேசிக்கொண்டு பூசினோம். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி, நாலு வயது மகள் என்றேன். தபால்காரரைக் கண்டால் மகள் அப்பா வந்துவிட்டார் என்று படலைக் கதவுக்கு ஓடுகிறாளாம், அதையும் சொன்னேன். விட்டால் நடந்தே போய்விடுவேன் என்றும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்ல வசதியாக இருந்தது.

அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். அவன் நித்திரையில் ஊர் மலையின் பெயரைச் சொல்கிறானாம். அவளுக்கும் போகச் சம்மதம்தான், அங்கேயும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் அவள் தனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் கையெழுத்துப் போட மறுக்கிறான். இந்த விஷயத்தில் ஊருக்குப் போகமுடியாதவன் சொல்வதைத்தான் அவன் நம்புவான், உங்களிடம் கட்டாயம் கேட்பான், மனதில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள் என்றாள். சொல்வேன் என்று சிவந்த கையுறையோடு தலையாட்டினேன்.

சனிக்கிழமை அவனுக்கு வேலை இல்லை. என்னை வாய்க்கால் கரையில் நடக்கக் கூட்டிப்போனான். ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் கதைகளையே திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கோ உள்ளே எரிந்தது. வீடும் மலையும் விமானச் சீட்டும் காத்திருக்க, போகட்டுமா விடட்டுமா என்று யோசிக்கிற ஆடம்பரம் இவனுக்கு. அதைவிட மோசமான இன்னொரு எரிச்சலும் இருந்தது. இவன் போய்விட்டால் இந்த நாட்டில் என்னை மச்சான் என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு கோப்பு இலக்கம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். கருவாடு பொரித்திருந்தார்கள். மேல்வீட்டு யன்னல்கள் படார் படாரென்று மூடப்படும் சத்தம் கேட்டது. அவன் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மனைவிக்கு விளங்கக்கூடாதென்று தமிழில் கேட்டான்.

"மச்சான், பொய் சொல்லாதை. காசும் தந்து, பயமில்லாமல் போ எண்டு விட்டால், நீ ஊருக்குப் போவியோ?"

போவேன். செருப்புப் போடக்கூட நிற்காமல் போவேன்.

"மாட்டன்," என்றேன். "போய் என்ன செய்யிறது? நாங்கள் விட்டிட்டு வந்த ஊர் இப்ப அங்கை இல்லை. வாழ்ந்தாலும் செத்தாலும் இனி இஞ்சைதான்."

அழகாகத்தான் சொன்னேன். ஒரு பெரிய மனிதனின் குரல் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவன் கையைத் துடைத்தான். பிறகு படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நான் சொன்னதை மனைவிக்குக் கொரிய மொழியில் சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நான் அழுததைப் பார்த்தவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெரிய மனிதத்தனம் அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். அவள் கருவாட்டில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து என் சோற்றில் வைத்தாள். வெட்கத்தில் நான் முள் பொறுக்குகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னேரம் ஸ்டேஷனுக்கு இருவரும் வந்தார்கள். அவன் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அதற்கு வசனம் இல்லை. அவள் என் கோட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டு, மெல்லச் சொன்னாள்:

"தனியாக இருக்க முடியாதபோதெல்லாம் வாருங்கள். நாங்கள் இங்கேதான் இருப்போம்."