பம்பு அக்காவும் தொகையீட்டுக் காரணியும்

நீச்சல்குளத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள் பம்பு அக்கா. நாற்பத்து மூன்று வயது, குட்டை உருவம், எந்நேரமும் தோளில் ஒரு துண்டு, எத்தனை முறை கழுவினாலும் கையை விட்டுப் போகாத குளோரின் வாடை. கண் எரிகிறது என்று ஒரு பிள்ளை கரையேறிவிட்டால் போதும், தான் சமைத்ததில் யாரோ கல்லைக் கடித்துவிட்டதுபோல அவளுக்கு மானம் போய்விடும்.

பம்பு அறை குளத்துக்கு அடியில், பன்னிரண்டு படி இறங்கினால் வரும். இரண்டு மோட்டார், மூன்று வடிகட்டி, குளோரின் மருந்து கலக்கும் நூறு லிட்டர் தொட்டி, ஆணியில் தொங்கும் பதிவேடு. பதிவேட்டில் நாளுக்கு ஒரு வரி. இடது ஓரம் ஆபரேட்டர் கையெழுத்து, வலது ஓரம் பொறுப்பாளர் கையெழுத்து. பதினோரு வருடமாக இடது ஓரம் அவளுடையது. வலது ஓரத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது இவள்தான். மூன்றாமவர் முதல் நாளே தப்பான வால்வைத் திறந்துவிட்டு, தன் செருப்பு மிதந்து போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற புண்ணியவான்.

அந்தப் புண்ணியவானும் ஓய்வு பெறப் போகிறார். டிப்ளமோ இருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்காகவே மாலைக் கல்லூரியில் சேர்ந்து, மோட்டார், குழாய், மின்சாரம் என்று எல்லாத் தாளையும் ஊதித் தள்ளிவிட்டாள். கணக்கு இரண்டாம் தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி. இதிலும் போனால், நாலாவதாக வரும் ஒருவருக்கு அவள் மறுபடி வால்வு சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

அவளைக் கவிழ்த்தது வகைக்கெழுச் சமன்பாடு. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அது சொல்லும். அதை வைத்து, எந்த நேரத்தில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாட்டின் இடது பக்கத்தில் இரண்டு உறுப்புகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாக நிற்கும். அதைத் தொகையீட்டுக் காரணி என்ற ஒன்றால் பெருக்கினால், இரண்டும் சேர்ந்து ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகிவிடும். அப்புறம் தொகையிட வேண்டியதுதான், விடை வந்துவிடும். முதல் தடவை கரும்பலகையில் இதைப் பார்த்தபோது அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

வினையே அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தது. இடது பக்கம் ஒன்று சேர்ந்த மகிழ்ச்சியில் வலது பக்கத்தையும் அதே காரணியால் பெருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவாள். பத்து கணக்கு போட்டால் எட்டில் இதே கூத்து. அவளைவிடப் பத்து வயது இளையவரான விரிவுரையாளர் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் “வலது பக்கம்?” என்று எழுதுவார். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், கேள்விக்குறி மட்டும் போட ஆரம்பித்தார்.

அவள் கணவர் தையல்காரர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், கணக்கு புரியாவிட்டாலும் சிவப்பு மை புரிந்து, ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: “பேன்ட்ல இடது காலை மட்டும் ரெண்டு இஞ்ச் குறைச்சுட்டு, வலது காலை அப்படியே விட்டா போடுறவன் என்னை சும்மா விடுவானா? அதைத்தான் நீ பண்ணிட்டிருக்க.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த கணக்கிலும் அதையே செய்தாள்.

தேர்வன்று ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நூறு லிட்டர் நல்ல தண்ணீர் உள்ள தொட்டி. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் மருந்துத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதோடு மூன்று கிராம் மருந்து. நன்றாகக் கலந்த தண்ணீர் பத்து லிட்டர் வெளியே போகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியில் எவ்வளவு மருந்து இருக்கும்? பதினாறு மதிப்பெண். சமன்பாடு தானாக வந்தது, காரணியும் வந்தது. இடது பக்கம் ஜம்மென்று ஒன்றாகியது. மளமளவென்று போட்டு முடித்தாள். விடை அரை கிராமுக்கும் குறைவு.

அவள் பேனா அப்படியே நின்றது. ஒரு மணி நேரத்தில் நூற்றெண்பது கிராம் உள்ளே போயிருக்கிறது. அரை கிராம்கூட மிச்சமில்லை என்றால் மீதியை யார் குடித்தார்கள்? மனதுக்குள்ளேயே படி இறங்கிப் போய்த் தொட்டியைச் சுற்றி வந்தாள். கசிவில்லை. உள்ளே வருவது நிற்கவுமில்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் மருந்து வந்துகொண்டே இருந்தால், நேரம் ஆக ஆகத் தொட்டியும் அதே அளவுக்கு வந்தே தீரும். நூறு லிட்டருக்கு முப்பது கிராம். அதைத் தினமும் பரிசோதனைத் தாளின் நிறத்தில் பார்க்கிறவள் அவள். தொட்டி பொய் சொல்லாது, அப்படியானால் பொய் சொன்னது விடைத்தாள்தான்.

மேலே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வலது பக்கத்தில் அந்த மூன்று, யாரும் தொடாமல், பெருக்கப்படாமல், அப்படியே உட்கார்ந்திருந்தது.

மணியடிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. எல்லாவற்றையும் குறுக்கே அடித்து, முதலிலிருந்து போட்டாள். இரு பக்கமும் பெருக்கினாள். இந்த முறை முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அடித்த பகுதியின் ஓரத்தில், யாரும் கேட்காமலேயே ஒரு வரி எழுதினாள்: ‘மருந்து வந்துகொண்டிருக்கும்போது தொட்டி இப்படி வெறுமையாகாது.’ எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

ஐம்பத்து மூன்று மதிப்பெண். ஐம்பது இருந்தால் போதும். தேர்வில் தன் தப்பைத் தானே கண்டுபிடித்ததை விரிவுரையாளரிடம் சொன்னபோது, எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். தொட்டியே சொல்லிவிட்டது சார் என்றாள். கணவர் கடையை அரை நாள் மூடிவிட்டு அவளுக்குப் புதுச் சட்டை தைத்தார், இரண்டு கையும் ஒரே நீளம்தானா என்று நாடா வைத்து அளந்து பார்த்துக்கொள்ளும்படி கொடுத்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி, பொறுப்பாளராக அவளுக்கு முதல் நாள். ஆபரேட்டர் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை, அதையும் அவள்தான் பார்க்க வேண்டும். காலையிலேயே மோட்டாரை ஓடவிட்டு, மருந்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வந்த டிக்கெட் கவுன்டர்காரரிடம் நீட்டினாள். நாலு படி ஏறியவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“ஏம்மா, வலது பக்கம்?”

அவள் பதிவேட்டைத் திரும்ப வாங்கினாள். வலது ஓரம் காலியாக இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினோரு வருடமாகத் தொடாத அந்த ஓரத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள்.