மரமில்லாத இடத்துக்கு வழி

சாமியாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், ஈப்போவில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் தம்பி செல்வம் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் சமையல்காரன். தென்துருவக் கடலில் ஆளில்லாத சின்னத் தீவு ஒன்றில் சாமான் இறக்கச் சிறு படகில் போனவர்களில் அவனும் ஒருவன். மூடுபனி இறங்கிவிட்டது, அவர்கள் திரும்பவில்லை, காற்று ஓயாமல் தேடப் போக முடியாது என்று கப்பலிலிருந்து தகவல் வந்தது. அவன் மனைவி கலா அழவில்லை. லகாட் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்துக்குக் காரை விடச் சொன்னாள். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, ஆட்கள் இல்லை. எல்லையை விட்டு நகராத காவல்சாமி முனியாண்டி மட்டும் அங்கேயே நிற்கிறார்.

பட்டப்பகல், தார் உருகும் வெயில். செம்பனை லாரி ஓட்டும் மணியத்தின் மேல் சாமி இறங்கியது. போய் செல்வத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கலா காலில் விழுந்தாள். சுருட்டைக் கடித்துக்கொண்டு, "எல்லையத் தாண்டணும்னா வழி சொல்லணும்டா" என்றது.

"மாமா, தூணாட்டம் நிக்காதீங்க லா, சொல்லுங்க!" கலா என் முதுகில் குத்தினாள்.

தம்பி அனுப்பிய படங்களும் கைப்பேசி வரைபடமும்தான் எனக்குத் தெரியும். கடலோடு தெற்கே, வெயில் செத்துப்போகும்வரை தெற்கே என்றேன்.

"அடையாளத்துக்கு என்னா மரம்?"

"மரமே இல்லீங்கய்யா. புல்லுகூட இல்ல. கவுத்துப்போட்ட சட்டி மாரி ஒரே ஐஸ்."

"குடியிருக்கிறவன் யாரு?"

"யாருமில்ல."

மூன்று பக்கமும் பனிச்சுவர் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, மேற்கே மட்டும் நாக்கு நீட்டியதுபோல் கறுப்புக் கூழாங்கல் திட்டு, கால் வைக்க அந்த ஓர் இடம்தான், மேலே ஏறினால் பனி மூடிய வெடிப்புகள், விழுந்தால் அடியே கிடையாது என்று நான் சொல்லச் சொல்ல மணியத்தின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. சுருட்டு எப்போதோ அணைந்திருந்தது. புகையில்லை அது, மூச்சு. அந்த வெயிலில்.

பிறகு அவன் விழுந்துவிட்டான்.

மறுநாள் கப்பலிலிருந்து செல்வம் போனில் பேசினான். "தப்பிச்சிட்டோம்ண்ணே. அந்தக் கறுப்புக் கல்லு மேல படகக் கவுத்துப் போட்டு உள்ள கெடந்தோம்." கலா பக்கத்தில் விம்மிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "கிறுக்குன்னு நெனைக்காதீங்க. காத்து நின்னு வெளிய வந்தா, படகச் சுத்திப் பனியில வெறுங்கால் தடம். சுத்திச் சுத்தி நடந்திருக்கு. அப்பறம் மேல ஐஸ் மேட்டுக்கு ஏறிப் போவுது. எறங்கி வந்த தடம் இல்லண்ணே."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய தோட்டத்து ஆட்கள் முனியாண்டி முன்னால் கூடி உடுக்கை அடித்துப் பார்க்கிறார்கள். மணியத்துக்குச் சாமி வருவதில்லை. யாருக்குமே வருவதில்லை.

போன வாரம் மணியம் என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"போற வழி சொன்னீங்களேண்ணே," என்றான். "வர்ற வழி சொன்னீங்களா?"