தாய்மாமன் உட்கார்ந்த ஸ்டூல்

கிட்டார் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பது என்று ஐம்பது வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். துபாயில் ஓட்டல் இசைக்குழு ஒன்றுக்கு வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய கீரமங்கலத்து நண்பர், பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்று தம்மிடம் சும்மா கிடப்பதாகச் சொன்னபோது, பார்க்காமலேயே சரி என்றேன். அது வருவதற்குள் தோளில் மாட்ட நல்ல தோல்வாராக ஒன்று வாங்கி வைத்தேன். வந்து இறங்கியது நாலு கால் முளைத்த மேசை. முதல் நாள் முழுக்க அந்த வாரைத் தோளில் போட்டபடி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மேசையின் மேல் பத்துக் கம்பிகள். இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்து அவற்றின் மேல் வழுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். இதுவரை மனிதனால் ஆகக்கூடியதுதான். கீழே குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது பாதத்துக்கு வரிசையாக மிதிகட்டைகள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வலது பாதத்துக்குத் தனியாக ஒன்று. போதாததற்கு முழங்கால்களுக்குப் பக்கத்தில் தொங்கும் நெம்புகோல்கள். முழங்காலை இங்கிட்டுத் தள்ளினால் சுரம் ஏறும், அங்கிட்டுத் தள்ளினால் இறங்கும். தள்ளாதபோது கால் எதிலும் படக் கூடாது. ஆக, கம்பியைத் தொடுவதற்கு முன்னால் உட்காரப் பழக வேண்டும். அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கிய எனக்கு உட்காரத் தெரியாது என்ற செய்தி அப்படித்தான் தெரியவந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் கைகள் என் முழங்கைகளை இடித்தன. சமையலறை ஸ்டூலின் உயரத்தில் முதுகு கூன்போட்டது. முக்காலி குட்டையாக இருந்ததால் தொடை நெம்புகோலில் மாட்டிக்கொள்ள, வாத்தியம் ஒரே சுரத்தில் அழுதுகொண்டே இருந்தது. அரிசி டிரம் ஓரளவு ஒத்துவந்தது. ஆனால் உலை கொதிக்கும் நேரமும் என் கை படியும் நேரமும் எப்போதும் ஒன்றாகவே வந்தன. மனைவி படியோடு வந்து நின்று, "எந்திரிங்க" என்பாள். எழுந்து உட்கார்ந்தால் கால் பழைய இடத்துக்குப் போகாது. இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ரிடையர் ஆவதற்குள் சார் ஏன் இஸ்திரிக் கடை போட்டுவிட்டார் என்று அவளிடம் விசாரித்திருக்கிறார்.

நான் வாசிக்கும்போது அறையை விட்டு எழுந்து போகாத ஒரே ஆள் என் தங்கை மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ரிசப்ஷன்ல ஒரே ஒரு பாட்டு நீங்க வாசிக்கணும் மாமா. வேற எதுவும் வேணாம்" என்றாள். தாய்மாமனிடம் நகை கேட்காமல் பாட்டுக் கேட்ட பெண். அவள் முகம் வாடும்படி அந்த மேடையில் நான் தடுமாறக் கூடாது. எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். அந்தக் கவலையோடுதான் வாடகைச் சாமான் கடைக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே வாடகைக் கடைதான். கல்யாணச் சாமான் முன்பக்கம், இழவுச் சாமான் கொல்லைப்பக்கம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கடைக்காரர் போனில் யாரிடமோ பந்தல் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். எது வேண்டுமோ பார்த்து எடுத்துக்கொள்ளும்படி கையைக் காட்டினார். நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து முழங்காலை விரித்தும் ஒடுக்கியும் பார்த்தேன். பாத்திரம் எடுக்க வந்திருந்த பெண்கள் மெல்ல மறுபக்கம் நகர்ந்தார்கள்.

எதுவும் சரிப்படாமல் கொல்லைப்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில், வெள்ளிப் பூச்சு அடித்த இரும்பு ஸ்டூல்கள் இரண்டைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். மற்ற சாமான்களில் ஒட்டியிருந்த சாம்பார் எதுவும் அவற்றில் இல்லை. அந்தச் சுத்தம் என்னை மிகவும் கவர்ந்தது. உட்கார்ந்தேன். தொடை மட்டமாக நின்றது, முதுகு தானாக நிமிர்ந்தது, முழங்கால்கள் இரண்டும் காற்றில் சுதந்திரமாக இருந்தன. இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று காட்டினேன். கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினார். அவர் தலையாட்டியது போனில் இருந்தவருக்கு என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான்.

கல்யாணம் வரை அந்த ஸ்டூலில்தான் பழகினேன். கைக்கு முன்னால் கால் கற்றுக்கொண்டது. ரிசப்ஷன் அன்று சாயங்காலம் மேளத்தோடு தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் போனபோது பழத்தட்டு, பட்டு, பாத்திரம், அவற்றின் பின்னால் என் ஸ்டூலும் போனது. வெறும் இரும்பாகத் தெரிந்தால் வீடியோவில் நன்றாக இருக்காது என்று மனைவி அதற்குச் சிவப்புத் துணி சுற்றி, ஜரிகை கட்டியிருந்தாள். மணப்பெண்ணின் பெரியப்பா அதையும் சீர் என்று எண்ணிக் கும்பிட்டு வாங்கி வைத்தார்.

வாசிக்க ஆரம்பித்தேன். பல்லவி பிசகில்லாமல் வந்தது. மேடையில் என் தங்கை மகள் மாலையைத் தாங்கிப் பிடித்தபடி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாடகைக் கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து என் காதோரம் குனிந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் எந்திரிங்க. இது பெட்டிக்கு உள்ள ஸ்டூலு."

"என்ன பெட்டி?"

"ஐஸ்பெட்டிங்க சார். பொணம் வைக்கிறது. திருவரங்குளத்துல ஒரு பெரியவரு தவறிட்டாரு. தலமாட்டுக்கு ஸ்டூலு இருக்கு, கால்மாட்டுக்கு இல்ல. ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

எனக்குக் கை நிற்கவில்லை. முழங்கால் துள்ளி நெம்புகோலில் மோத, சுரம் தானாக எகிறியது. தங்கை மகள் அதைக் கமகம் என்று நினைத்துத் தலையாட்டினாள். கெட்டதுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாத குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுத் தாய்மாமன், பிணப்பெட்டியின் ஸ்டூலுக்கு ஜரிகை கட்டி, மேளதாளத்தோடு கொண்டுவந்து, மணமேடைக்கு எதிரே அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் பாட்டு அறுந்துபோகும். உட்கார்ந்தால், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கால்மாட்டில் தாங்கலில்லாமல் காத்திருக்க வேண்டும். "சரணம் வரைக்கும்" என்று கெஞ்சினேன். அவர் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். பார்த்தவர்கள் என் ரசிகர் என்று நினைத்திருக்கலாம்.

சரணத்தைத் தொட்டதும் எழுந்துவிட்டேன். கடைக்காரர் துணியும் ஜரிகையுமாகவே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவழியாகப் போனார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தங்கை மகளின் முகம் வாடத் தொடங்கியது தெரிந்தது. அதற்குள் சமையல்கட்டிலிருந்து ஏதோ தரையில் இழுபடும் சத்தம். மனைவி மண்டபத்து அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நிறுத்தினாள். "ஒக்காருங்க. இங்க உலை வச்சு முடிஞ்சிருச்சு" என்றாள். உட்கார்ந்தேன். பாட்டை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை, தங்கை மகள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பந்தியும் ஓய்ந்த பிறகு, தங்கையைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் அந்த ஸ்டூலை வைத்து என்ன பேசினாலும் பழியை என் மேல் போட்டுவிடு என்றேன். அவள் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஸ்டூலையெல்லாம் யாரு பாத்தா? பாட்டு மைக்செட்டுல ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு, தாய்மாமன் வந்த எடத்துலயும் எதுக்கு இஸ்திரி போடுறாருன்னுதாண்ணே கேட்டாங்க."