குன்றிமணியும் மௌனப் பயிற்சியும்

உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் தம் காரை விற்றுவிட்டார். காலியான ஷெட்டில் அவர் மனைவி, தானே டீச்சராக, குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினாள். எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண்ணை, மூன்று வயதில், அங்கே கொண்டு விட்டோம்.

விளையாட்டுச் சாமான்களையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் தீர்மானிக்கப் பெற்றோர் கமிட்டி இருந்தது. எல்லாரும் படித்தவர்கள், ஆகையால் எதுவும் சீக்கிரம் முடியாது. மணல் வைக்கலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க இரண்டு வக்கீல்கள் வாதாடினார்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடும் என்ற செய்தி இருவருக்குமே புதிது போலிருந்தது.

குழந்தைகள் பொறுக்கி எண்ணுவதற்குச் சீமையிலிருந்து வரவேண்டிய வர்ண மணிகள் கப்பல் இல்லாமல் வரவில்லை. பதிலுக்குக் கடலை வைக்கலாம் என்றார் ஒருவர். ரேஷனில் புழுத்த அரிசிக்கு நிற்கிற நாளில் கடலையைக் கொட்டி விளையாடுவதா என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் வக்கீல் மனைவி குன்றிமணியைச் சொன்னாள். பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பது. நிறம் மனத்தைக் கவரும். போதாததற்குச் சுதேசிச் சரக்கு. ஏகமனதாக நிறைவேறியது. அதை மென்றால் விஷம் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முன்மொழிந்து வழிமொழிகிற மும்முரத்தில், குழந்தைகளுக்கு வாய் உண்டு என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

தினம் குன்றிமணி பொறுக்கி முடிந்ததும் மௌனப் பயிற்சி. டீச்சர் கைமணியை அடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் அழைத்துவரப் போனபோது டீச்சர் பூரித்துப் போயிருந்தாள்.

"இன்னிக்கு உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட். வாயே திறக்கலை."

வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. பாலுக்குத் தலையாட்டினாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது; தொட்டால் உள்ளே குன்றிமணி மாதிரி ஏதோ உருண்டது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் போனோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மென்னிருந்தா ஆபத்து. முழுசா முழுங்கியிருந்தா வெளியே வந்துடும். எதுன்னு குழந்தையையே கேளுங்க" என்றார் டாக்டர்.

கெஞ்சினோம், மிரட்டினோம். அசையவில்லை. பலவந்தமாகத் திறந்தால் கடித்துவிடுவாளே என்று டாக்டரே தயங்கினார். என் மனைவிக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது.

"ஏன்னா, அந்தப் புண்ணியவதி மணி அடிக்க மறந்துட்டா போலிருக்கு. இவளுக்கு இன்னும் மௌனம் முடியலை."

பியூனைக் கூப்பிட டாக்டர் மேஜைமேல் வைத்திருந்த மணியை அவளே தட்டினாள். குழந்தை வாயைத் திறந்தாள். எச்சிலோடு மூன்று குன்றிமணிகள் என் கையில் விழுந்தன. கீறல் இல்லை.

"ஒண்ணு உள்ளே போயிடுத்து" என்றாள்.

"மென்னு முழுங்கினியாடி கண்ணு?"

"பேசக் கூடாதுன்னுதான் டீச்சர் சொன்னா."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? மறுநாள் மத்தியானம்வரை நானும் மனைவியும் சாப்பிடவில்லை. அப்புறம் அது வந்தது. கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுசு.

கமிட்டி கூடித் தீர விவாதித்து, மௌனப் பயிற்சியின் நேரத்தைக் குறைத்தது. வெளியே வரும்போது மணல் வக்கீல்களில் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"என்ன கட்டுப்பாடு பார்த்தேளா ஸார்! நம்ம முறை பலிச்சுடுத்து."

பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். இப்போது நாள் முழுவதும் வீட்டில் கத்துகிறாள். கேட்கச் சுகமாக இருக்கிறது. சற்று ஓய்ந்தால் போதும், ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறேன். நேற்று நன்றாகக் கடித்துவிட்டாள்.